பொறுப்பு: குடும்பம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் வலது கை கொஞ்சமாவது மடங்குகிறதா? இங்கே மலைக்கு டவர் இன்னும் வரவில்லை. மேனேஜர் அறையில் ஒரே ஒரு போன். அதில் பேசினால் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் சாமான் லாரி டிரைவர் கையில் இந்தக் கடிதம்.

என் வேலை மாறிவிட்டது. யாரும் மாற்றவில்லை, நானே போய் மாட்டிக்கொண்டேன். சுரங்கத்தின் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சீனியர் டிசம்பரில் வேலையை விட்டுப் போனார். கோப்பின் முதல் பக்கத்தில் 'திட்டத்துக்குப் பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அவர் பெயரை அழித்தேன். காலியாக விட்டால் சேமிக்க மாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. மேனேஜர் பெயரைப் போடலாமென்றால் அவர் அன்று சைட்டில் இல்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று என் பெயரைப் போட்டேன். மறுநாளிலிருந்து அது 'உன் பிளான்' ஆகிவிட்டது. மேனேஜரே, "உன் பிளான் என்னப்பா சொல்லுது?" என்று கேட்கிறார், என்னவோ அது நான் வளர்க்கும் நாய் மாதிரி.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். மலைக்குள் தண்ணீர் போக ஒரு சுரங்கம் வெட்டுகிறோம். அந்தப் பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டும். ஒரு ஆள் பார்த்துவிட்டு "இது என் வேலை" என்று தலையாட்டும் அளவுக்குச் சின்னதாகும்வரை பிரிக்கவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. வரிக்கு ஒரு தேதி, ஒரு பெயர். ஒரே பெயர். இரண்டு பெயர் போட்டால், மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று இரண்டு பேரும் படுத்துவிடுவார்கள். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

பிரிப்பதுகூடப் பெரிதில்லை. பிரித்ததை வாரம் தவறாமல் உயிரோடு வைத்திருப்பதுதான் உயிரை எடுக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போய், எவ்வளவு முடிந்தது என்று ஒவ்வொரு மேஸ்திரியிடமும் கேட்கவேண்டும். கான்கிரீட் மேஸ்திரி எப்போது கேட்டாலும் "தொண்ணூறு பர்சென்ட் சார்" என்பார். போன மாதமும் தொண்ணூறு, இந்த மாதமும் தொண்ணூறு. அவருக்குப் பெயரே தொண்ணூறு ஆகிவிட்டது.

மார்ச்சில் விடுப்பு தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். வந்ததும் நீ ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். எல்லாம் நான் பார்க்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

கடிதம் லாரிக்காரர் புண்ணியத்தில் எண்ணெய்க் கறையோடு வந்து சேர்ந்தது. அப்பாவின் கை பழையபடிதான். வாதத்தில் குழறிய பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. என் கழுத்தை விசாரித்தாயே, அது உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவே போதும். குளிருக்குச் சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொள்கிறார். டெப்போவில் டைம் கீப்பராக இருந்த புத்தி எங்கே போகும்? தெருமுனையில் பஸ் திரும்பும்போதெல்லாம் "லேட்டு" என்கிறார். சரியாக வந்த பஸ்ஸையும் விடுவதில்லை. "இவன் சீக்கிரம் வந்துட்டான், அதுவும் தப்பு" என்கிறார்.

ஒரு செய்தி. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எங்கள் தையல் ஆலையில் பேட்டர்ன் போடும் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். தலைமை ஆலையில் தங்கி ஒரு வருஷம் படிக்கவேண்டும். என் பெயரை எங்கள் பிரிவு மேடமே எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷம் யாரோ வெட்டிக் கொடுத்த காலரையும் கையையும் லைன் பெண்களை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சட்டையை முதலில் காகிதத்தில் யோசிக்கிற ஆளாக வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. நாற்பது வயதுக்குள் இருந்தால்தான் சேரமுடியும். எனக்கு எத்தனை என்று உனக்குத் தெரியும்.

ஜூனில் சேரவேண்டும். அப்பாவை விட்டுவிட்டு எப்படி? நீதான் பிரிக்கிறதில் கெட்டிக்காரன் ஆயிற்றே. நம் வீட்டுக்கும் ஒரு பிளான் போட்டுக் கொடேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி, மற்றபடி நலம். சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே ஷெட்டில் தனியாகச் சிரித்தேன். நீ போகத்தான் வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவ்வளவு வருஷம் மனசுக்குள் வைத்திருந்தாயா! அழுத்தக்காரி.

பிளான் இத்துடன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து போட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்வது என்பதை ஐந்தாகப் பிரித்து, ஐந்தையும் மறுபடி பிரித்திருக்கிறேன். சமையலுக்கு வரும் அம்மா காலை மருந்தும் சாப்பாடும் கொடுப்பார். கை கால் பயிற்சிக்கு வாரம் மூன்று முறை தெரபிஸ்ட். மருந்து வாங்குவது, டாக்டரிடம் கூட்டிப்போவது சித்தி மகன். துணி, லாண்டரிக்காரர். இரவில் பார்த்துக்கொள்வது, குளிக்க வைப்பது, திடீரென்று ஏதாவது ஆனால் ஓடுவது, இந்த மூன்றுக்கு மட்டும் 'பொறுப்பு: குடும்பம்' என்று போட்டிருக்கிறேன். அதை நேரில் பேசிக்கொள்வோம். மற்றபடி எள் விழ இடமில்லாமல் நிரப்பியிருக்கிறேன், பார்.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "சுரங்கத்துக்கு இவ்வளவு அழகா போடலையே நீ" என்றார். பெருமையாக இருந்தது.

உன் தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

இங்கே நலம். சளிக்கு வெந்நீர் குடி, மாத்திரையை விழுங்கிவிட்டு அப்படியே சுரங்கத்துக்குள் போகாதே.

பிளான் கிடைத்தது. அழகாக இருக்கிறது. கட்டங்களுக்கு நிறம்கூடக் கொடுத்திருக்கிறாய். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் படித்தார். முடித்துவிட்டு ஒன்று சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். என்ன சொன்னார் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.

மார்ச்சில் என்றைக்கு வருகிறாய்?

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. உடம்பு சுமார். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆவல் இருந்தவன் எழுதியிருப்பானே.

மார்ச் விடுப்பு போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது பிளானிலேயே இருந்தது. கீழே ஒரு ஓரத்தில் 'விடுப்பு' என்று எனக்கு ஒரு வரி போட்டு வைத்திருந்தேன். கான்கிரீட் முடிந்த பிறகுதான் அது தொடங்கும் என்று கோத்திருந்தேன். கான்கிரீட் தள்ளிப்போனால் விடுப்பும் தானாகத் தள்ளிப்போகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொண்ணூறு வாயைத் திறக்கிறார், என் விடுப்பு ஒரு வாரம் நகர்கிறது. திட்டலாமென்றால் அவரும் பாவம். "மனசு நோகக் கூடாதுன்னுதான் சார் தொண்ணூறு சொல்றேன்" என்கிறார். யார் மனசு என்று கேட்டேன். "உங்க மனசுதான்" என்கிறார்.

எனக்கு அலுத்துவிட்டது அக்கா. சுரங்கம் வெட்டுகிறவனுக்குச் சுரங்கம் தெரிகிறது. நான் நாள் முழுதும் தேதிகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் செய்த வேலை என்று காட்ட ஒன்றுமில்லை. நான் ஒரு வாரம் பார்க்காவிட்டால் அத்தனையும் பொய்யாகிவிடும். அதனால் நகரவும் முடியவில்லை. உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லமுடியாது.

ஏப்ரல் கடைசியில் கட்டாயம் வருவேன். உன் பயிற்சிக்கு எப்போது பதில் சொல்லவேண்டும்?

உன் தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

நலம். நலமே விளைக.

மே பத்தாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது. இரண்டு நாள் பஸ்களைத் திட்டவில்லை, அதில்தான் எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி "லேட்டு" என்றார். சமையலறையில் நின்று அழுதேன்.

உனக்கு அலுப்பு என்று எழுதியிருந்தாய். படித்தேன். இன்னும் எழுத இருக்கிறது, ஆலைக்கு நேரமாகிவிட்டது.

அக்கா


மே 12

அன்புள்ள அக்கா,

முதலில் ஒன்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாளில் ஏதாவது வந்திருந்தால் பயப்படாதே. அப்பாவின் இடுப்பு தேறியதா?

போன மாதக் கடைசியில் மழை. சுரங்கத்துக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். அதை இறைக்க ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் ஓட இன்னொரு மோட்டார் தயாராக நிற்கும். அன்று முதல் மோட்டார் நின்றது. இரண்டாவதை முடுக்கினார்கள், அது அசையவில்லை. பல வாரமாக அதை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தொண்ணூறுதான் கடைசி ஆளை இழுத்துவிட்டு வரும்போது விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "என் வேலை நிஜமா எழுபதுதான் சார்" என்றார். அந்த நேரத்தில் சிரிப்பதா அழுவதா?

இரண்டாவது மோட்டாரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது யார் வேலை? கரண்ட் மேஸ்திரி, பம்பு ஆட்கள் வேலை என்கிறார். பம்பு மேஸ்திரி, கரண்ட் வேலை என்கிறார். திட்டத்தைத் திறந்து பார்த்தோம். வரி இருக்கிறது. தேதி இருக்கிறது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பொது' என்று இருக்கிறது. இதை எழுதிய புண்ணியவான் யார் என்று தேடினேன். பழைய சீனியராக இருக்கும் என்று நினைத்தேன். நான்தான். பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில் இந்த இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். எனக்குத் தலைவலி. சண்டை ஓய்ந்தால் போதும் என்று 'பொது' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

"யாரோட பிளான் இது?" என்று மேலிடத்திலிருந்து வந்தவர் கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரும்தான். திட்டத்தை அடியிலிருந்து திருப்பிப் போடும்வரை எனக்கு விடுப்பு இல்லையாம்.

பத்தாம் தேதி போய்விட்டது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்ன பதில் சொன்னாய்?

தம்பி


மே 24

தம்பிக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வரியை அப்பாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். அவர் இடுப்பு தேறிவிட்டது. அந்தத் தோள் முறிந்த மனிதருக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? கேட்டுச் சொல்.

ஜூனில் சேரமுடியாது என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். என் இடத்தில் எங்கள் லைனிலேயே வேலை செய்யும் ஒரு பெண் போகிறாள். நல்ல பெண், கை சுத்தம். என் கத்தரிக்கோலை அவளுக்குக் கொடுத்தேன். உன் மேல் கோபமா என்று கேட்பாய். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். தொண்ணூறை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார். நீ விசாரித்ததாகச் சொன்னேன், கண் கலங்கிவிட்டார்.

உன் கத்தரிக்கோலைத் தாண்டி என்னால் அடுத்த வரிக்குப் போகமுடியவில்லை. காலேஜ் முடித்த வருஷம் நான் அதை எடுத்து அட்டை வெட்டியதற்கு என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாய்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் நம் வீட்டுப் பிளானின் நகலை எடுத்துப் பார்த்தேன். சமையல், தெரபி, மருந்து, துணி. எல்லா வரியிலும் ஒரு பெயர். எல்லாம் வெளி ஆட்கள். ராத்திரி, குளியல், திடீரென்று ஆனால் ஓடுவது. கஷ்டமான மூன்று வரி. அந்த மூன்றிலும் 'குடும்பம்'. வாரம் முழுதும் மேஸ்திரிகளுக்கு ஒரு வரி ஒரு பெயர் என்று பாடம் எடுத்தவன், அக்கா, சொந்த அப்பாவின் வரியில் 'பொது' என்று எழுதி, நிறமும் கொடுத்து, உனக்கு அனுப்பியிருக்கிறேன். அப்போது பெருமையாக வேறு இருந்தது. குடும்பம் என்று எழுதினால் நீ என்றுதான் அர்த்தம். அதை எழுதாமலே எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று ஒரு வரியில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே செய்ததைச் சொல்கிறேன். திட்டத்தை அறையில் உட்கார்ந்து திருப்பிப் போடவில்லை. எல்லா மேஸ்திரிகளையும் ஸ்டோர் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். வேலைகளைச் சீட்டுகளில் எழுதி மேசையில் பரப்பினேன். "உங்க சீட்டை நீங்களே எடுங்க, பேரும் தேதியும் உங்க கையால எழுதுங்க" என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சண்டை. பிறகு எழுதினார்கள். கடைசியில் மேசையில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது, அந்த இரண்டாவது மோட்டார். நான் தொடவில்லை. டீ ஆறிப்போனது. கரண்ட் மேஸ்திரி எழுந்து, "சரி, கொண்டாங்க. பம்புக்காரன் சாவி மட்டும் எங்கிட்ட குடுத்துடணும்" என்று எடுத்துக்கொண்டார். தொண்ணூறு இடது கையால் தன் தேதியை எழுதினார். ஆகஸ்ட் என்று நான் போட்டிருந்ததற்கு நவம்பர் என்று எழுதினார். இத்தனை மாதத்தில் நான் பார்த்த முதல் நிஜத் தேதி அதுதான்.

கோப்பின் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"உங்க பேரைப் போடணும் சார்."

"ஏன்? உன் பிளான்தானே?"

"பார்த்துக்கிறது நான் சார். சுரங்கம் உங்களுது. ஆள் தர்றதும், தேதி ஒத்துக்கிறதும் நீங்க. என் பேரு அங்க இருக்கிறது தப்பு."

"போட்டாச்சுன்னா நீ கிளம்பிடுவே, அதானே?"

"ஆமா சார்."

"திரும்பி வந்தா இந்த இடம் இருக்காது."

"தெரியும் சார்" என்றேன்.

ஜூலை இரண்டாம் வாரம் வருகிறேன். விடுப்பில் இல்லை, வேலையை விட்டுவிட்டுத்தான். உன் பயிற்சி கைவிட்டுப் போனது தெரியும். அதை ஈடுகட்ட வருவதாக நினைக்காதே, அதை ஈடுகட்டமுடியாது. அந்த மூன்று வரியிலும் அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். புதுப் பிளான் எதுவும் அனுப்பவில்லை. ஆள்தான் வருகிறேன்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "லேட்டு" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், மார்ச்சிலும் ஏப்ரலிலும் உன் கட்டிலைத் துடைத்து வைத்தேன். இந்த முறை துடைக்கவில்லை. வந்தால் நீயே துடைத்துக்கொள்.

பத்திரமாக வா.

அக்கா


செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசமுடியவில்லை. நீ நலமா? ஹாஸ்டல் தலையணை உன் கழுத்துக்கு ஒத்துக்கொண்டதா? அப்பா சுகம். நான் சுகமா என்று யோசித்துச் சொல்கிறேன்.

செப்டம்பரில் இன்னொரு குழு சேரப்போகிறது என்று மேடம் மே மாதமே உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஜூலை கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், அதுதான் உன் வயதுக்குக் கடைசிக் குழு என்பதும் உனக்குத் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் வந்த பிறகும் சொல்லவில்லை. நான் பெட்டியைக் காலி செய்து துணியை எல்லாம் அலமாரியில் அடுக்கி, பெட்டியைப் பரணில் ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் போய்க் கையெழுத்துப் போட்டாயாம். அப்பா சொன்னார். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நான் தொண்ணூறிடம் எவ்வளவு ஏமாந்தேனோ அவ்வளவு நீ என்னிடம் ஏமாந்திருக்கிறாய்.

ஏப்ரலில் அப்பா விழுந்த கதையும் தெரிந்துகொண்டேன். உனக்கு ஓவர்டைம். சமையல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கூப்பிட ஆள் இல்லாமல் அவரே எழுந்து போயிருக்கிறார். நீ திரும்பி வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அதையும் நீ 'ஒன்றும் ஆகவில்லை' என்று மடித்து அனுப்பியிருக்கிறாய்.

பிளானைப் பார்த்து அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். உடனே சொல்லவில்லை. நான் குளிக்க வைத்துத் தலை துவட்டும்போது சொன்னார். "டிரிப் ஷீட்ல ரூட் இருக்கு, டைம் இருக்கு. டிரைவர் பேரு எழுத வேண்டிய இடத்துல 'டெப்போ'ன்னு எழுதியிருக்கே நீ. இந்த வண்டி எப்படிடா கிளம்பும்னுதான் சிரிச்சேன்." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, துண்டால் அவர் முகத்தை மூடிவிட்டேன்.

இதற்கு நடுவில் சைட்டிலிருந்து ஒரு போன். தொண்ணூறு. வெள்ளிக்கிழமைக் கணக்கை இப்போது அவரே எழுதுகிறாராம். "இந்த வாரம் எண்பத்திரண்டு சார், நிஜமா" என்றார்.

இனி என் கஷ்டம். அப்பா மத்தியானத்தில் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், நீ என்ன செய்வாய்? ஷேவிங் செய்யும்போது வலது பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறார், ஏன்? அந்த நீல நிறத் துண்டு எங்கே? தெரபிஸ்ட் வரும் நாளில் மட்டும் கோபம் வருகிறதே, முன்பும் இப்படித்தானா? ராத்திரி அவர் கூப்பிடாமலேயே எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் வருவதில்லை. மாவு மாதிரி பிசைந்து வைத்திருக்கிறார் என்னை. எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் எழுது. ஒரு பிளான் மாதிரி எழுதினாலும் சரி.

உன் தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

நலம். தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், இப்போது கழுத்து தேவலை.

இங்கே என்னோடு இருபது வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னை 'மேடம்' என்றார்கள், ஒரு வாரத்தில் 'அக்கா' ஆக்கிவிட்டேன். முதல் சட்டையைக் காகிதத்தில் போட்டேன். எல்லாத் துண்டும் அளவு பிசகாமல் வந்தது. தைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று சேரவில்லை, சட்டை சிறுத்துவிட்டது. தையலுக்கு ஓரம் விட மறந்திருக்கிறேன். இத்தனை வருஷம் தையல் லைனில் நின்றவள்! எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று அப்படிச் சிரித்து.

செப்டம்பர் குழுவைப் பற்றிச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். சொல்லியிருந்தால் மறுபடி உன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து உன்னை வெறுக்க ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. பெட்டி பரணுக்கு ஏறியபோது எனக்கு உட்காரவேண்டும் போல் இருந்தது. சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கே ஒரு பக்கம் ஆகிவிட்டது. எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியம். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். நான் பதில் எழுத எழுத அந்த வரிகள் ஒவ்வொன்றாக என் பெயருக்குத் திரும்பி வந்துவிடும். நீ எனக்காகத்தான் பார்க்கிறாய் என்று ஆகிவிடும். மாத்திரை விவரம் டாக்டர் சீட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துக் கொடு. மற்றதை அப்பாவிடம் கேள். ஏன் திரும்பமாட்டேன் என்கிறீர்கள், ஏன் சாப்பிடவில்லை என்று அவரையே கேள். நாம் இரண்டு பேரும் இத்தனை கடிதம் எழுதினோம், ஒருவராவது அவரைக் கேட்டோமா?

நீலத் துண்டு எங்கே என்று எனக்கும் தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். அப்பாவுக்கு நீ இருக்கிறாய் என்று நினைவுக்கு வந்தது. மறுபடி படுத்தேன். தூங்கிவிட்டேன்.

அக்கா